கருத்துக் கேட்பதும் ஒப்புதல் பெறுவதும்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையில் பிரதம நீதியரசரையும் சட்டமா அதிபரையும் பொலிஸ் மா அதிபரையும் நியமிப்பவர் ஜனாதிபதி. நியமிக்குமுன் அவர் எவரைக் கேட்க வேண்டும், கேட்டபின் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டுமா என்பதில் நமது அரசியலமைப்பு 2001 முதல் ஐந்து முறை மாறியிருக்கிறது.

அவ்வாண்டின் 17 ஆவது திருத்தம், சபாநாயகர் தலைமையில் பத்துப் பேர் கொண்ட அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கி, உயர் பதவிகளுக்கு அதன் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. பேரவையில் மூவர் சிறுபான்மையினரின் நலன்களுக்காக இடம்பெற வேண்டும் என்றும், அச்சமூகங்களைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர்களைக் கலந்தாலோசித்தே அவர்களைப் பெயர் குறிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டிருந்தது. தமிழ் பேசும் மக்களுக்கு இது சிறிய விடயமன்று. ஆயினும் 2005 இல் முதற் பேரவையின் காலம் முடிந்தபின் புதிய பேரவை அமைக்கப்படவில்லை; நியமனங்கள் நேரடியாகவே நடந்தன.

2010 இன் 18 ஆவது திருத்தம் அப்பேரவையை அகற்றி, ஐவர் கொண்ட பாராளுமன்றப் பேரவையை வைத்தது. ஜனாதிபதி அதன் அவதானிப்புகளைக் கோரினால் போதும். ஒரு வாரத்துக்குள் பதில் வராவிடில் நியமிக்கலாம். வந்த பதிலை ஏற்கவேண்டிய கடப்பாடும் இல்லை. இதைக் கலந்தாலோசனை என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். 2015 இல் ஒப்புதல் முறை மீண்டது. 2020 இல் மறைந்தது. 2022 இன் 21 ஆவது திருத்தத்தால் மறுபடியும் வந்தது.

ஆனால் ஒப்புதல் என்பதும் எண்ணிக்கையில் தங்கியுள்ளது. ஒருமித்த முடிவு இல்லாதபோது ஐந்து உறுப்பினராவது ஆதரிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. 2024 இல் பொலிஸ் மா அதிபர் நியமனத்துக்கு நால்வர் ஆதரவாகவும் இருவர் எதிராகவும் வாக்களிக்க, இருவர் நடுநிலை வகித்தனர் என்றும், வாக்குகள் சமமானால் மட்டுமே சபாநாயகர் பயன்படுத்தக்கூடிய தீர்மானிக்கும் வாக்கைச் சேர்த்தே ஐந்து என்று கணக்கிடப்பட்டது என்றும் மனுதாரர்கள் உயர் நீதிமன்றத்தில் வாதிட்டனர். அவ்வாண்டு ஜூலையில் அந்தப் பொலிஸ் மா அதிபர் பதவியில் செயற்பட நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஒவ்வொரு நியமனத்திலும் எத்தனை பேர் ஆதரித்தார்கள், எத்தனை பேர் விலகி நின்றார்கள், எக்காரணத்தால் ஒரு பெயர் ஏற்கப்பட்டது என்பதைப் பேரவை அன்றைக்கே எழுத்தில் வெளியிடுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அவ்வாறு செய்திருந்தால், நால்வரா ஐவரா என்ற கேள்வி நீதிமன்றம்வரை செல்லுமுன்பே பாராளுமன்றத்தில் எழுப்பப்பட்டிருக்கும்.