உருக்கியபின் தடயம் ஏது?

நடுவர் அவர்களே, கும்பகோணத்துப் பெரியோர்களே, வணக்கம். ‘கலையறிவு சேர்வது பட்டறையிலா, இணையத்திலா?’ என்பது தலைப்பு. சுவாமிமலையில் உலோகச் சிலை வார்ப்பது மொத்தமும் யூடியூபில் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம் என்றார் எதிரணித் தம்பி. பார்க்கலாம் தம்பி, வார்க்கலாமா?

முதலில் மெழுகில் உருவம், அதன்மேல் மண் பூச்சு, மெழுகை உருக்கி வடித்த இடத்தில் உலோகம்; இதுதான் வார்ப்பு. மெழுகையே எடுத்துக்கொள்வோம். தேன்மெழுகும் குங்கிலியம் என்ற மரப்பிசினும் சமமாக, அதில் கால் பங்கு கடலை எண்ணெய். இந்தக் கணக்கு எங்கே தேடினாலும் வரும். ஆனால் சித்திரை வெயிலில் இதே கலவை விரல் பட்டாலே குழையும், குங்கிலியத்தைக் கூட்டணும். மார்கழியில் வளைத்தால் ஒடியும், எண்ணெயைக் கூட்டணும். எவ்வளவு? ஒரு திரி உருட்டி வளைத்துப் பார்க்கிற கை சொல்லும்.

அடுத்தது மண். முதல் பூச்சுக்குக் காவிரி வண்டலும் அரைத்த உமிக்கரியும். வண்டல் மெழுகின் நகக்கீறலைக்கூட அப்படியே வாங்கிக்கொள்ளும். கரி, காற்று வெளியேற வழிவிடும். இதை நிழலில்தான் உலர்த்தணும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகி, சுவாமியின் விரல் கோணிவிடும். மேலே மணல் கலந்த மண், இரும்புக் கம்பிக் கட்டு, பிறகு வறட்டித் தீயில் மெழுகை உருக்கி வடிப்பது.

வினை வருவது இங்கேதான். மெழுகு வடிந்த அந்த மண் அச்சில் ஈரம் மிச்சமிருந்தால், ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலோகம் பட்டு நீராவி கிளம்பும். சிலையில் துளை விழும், சமயத்தில் அச்சே வெடிக்கும். அச்சு ஆறிப்போயிருந்தால் விரல் நுனிக்குப் போவதற்குள் உலோகம் உறையும். ஊற்றும்போது நடுவில் நிறுத்தினால் அங்கே ஒட்டாத கோடு விழும். ‘சிலை செய்யும் ஸ்தபதிக்கு வீடியோ கால் போட்டுக் கேட்கலாமே’ என்பார் தம்பி. ஸ்தபதி போனை எடுப்பதற்குள், உலோகம் உருக்கும் மூசை காலியாகிவிடும்!

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். சோழர் காலத் திருமேனியின் முதுகுப்புற அணிகலனைப் பார்க்க முன்பு தஞ்சைக் கலைக்கூடத்துக்கோ எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ போகணும். இன்று சில திருமேனிகளையாவது கைபேசியில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதில் இணையத்துக்கு முழு மதிப்பெண். ஆனால் அந்தப் படத்தில் அளவெடுத்துவிடாதீர்கள்; கேமரா கோணத்தில் முழங்கால் நீளமே மாறும். பட்டறையில் தென்னங்கீற்றை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, அளவுப் பங்குகள் தெரிய மடிப்பார்கள். மொத்த உயரம் சிவனுக்கும் திருமாலுக்கும் 124 பங்கு, தேவிக்கு 120.

கடைசியாக ஒன்று, நடுவரே. வீடியோவில் வருவது சரியாக வந்த சிலை. மூக்கு நிரம்பாத சிலையை யாரும் ஏற்றமாட்டார்கள், அது அன்றே மூசைக்குத் திரும்பும். அச்சையும் ஏற்கெனவே உடைத்தாயிற்று. உருக்கியபின் அந்தத் தவறுக்குத் தடயம் ஏது? எந்த இடத்தில் காற்றுக்கு வழி விட மறந்தோம் என்பது பக்கத்தில் துருத்தி ஊதிக்கொண்டிருந்த பையனுக்குத்தான் தெரியும். அவனுக்குச் சானல் கிடையாது. தம்பி எதைப் போட்டுத் தேடுவார் என்று சொல்லிவிட்டு, அப்புறம் தீர்ப்பு கேட்கட்டும்!