குளிர் தேடும் மரமும் கடற்கரைத் தொட்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு மரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குட்டை பீச் மரம். குழிப்பேரி என்றும் சொல்வார்கள். மிஞ்சிப்போனால் ஆளுயரம். இலை விடுவதற்கு முன்பே கிளை முழுக்க ரோஜா நிறத்தில் பூத்துவிடும். பெரிய தொட்டிக்குள் அடங்கிவிடும். படத்தைப் பார்த்தவருக்கு ஆசை வராமல் இருக்காது. எனக்கும் வந்தது.

2011 டிசம்பர் 30 காலை, தானே புயலில் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பலா வேரோடு சாய்ந்தது. அதன்பின் உயரமான மரம் வைக்க மனம் துணியவில்லை. அந்த நிலையில்தான் உதகை போய்த் திரும்பும்போது ஒரு குட்டை பீச் கன்று வாங்கிவந்தேன். முதல் தையில் மூன்றே பூக்கள் வந்தன. மறு ஆண்டு அதுவும் இல்லை. சில கிளைகளின் நுனியில் மட்டும் இலை துளிர்த்தது. மற்றவை வெறுங்குச்சியாக நின்றன. அடுத்து வந்த கத்திரி வெயிலில் மரம் பட்டுப்போனது. உரம் போதவில்லையோ, தண்ணீர் போதவில்லையோ என்று நெடுநாள் வருந்தினேன். குறை அங்கே இல்லை.

பீச் மரத்தின் மொட்டுகள் கோடையிலேயே உருவாகி, குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றன. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழிந்தால்தான் அந்த உறக்கம் கலையும். பல வகைகளுக்கு இது நூற்றுக்கணக்கான மணி நேரம். வெப்பமான நிலத்துக்கென்றே அமெரிக்காவின் புளோரிடாவில் உருவாக்கிய ஃபுளோர்டாபிரின்ஸ் வகைக்குக்கூட 150 மணி நேரம் தேவை. பஞ்சாபில் அது நன்றாகக் காய்க்கிறது. அங்கே தை மாதக் குளிர் எலும்பைத் துளைக்கும். நம் கடற்கரையிலோ மார்கழிப் பின்னிரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. பனி விழுகிறது என்று தலையில் துண்டு கட்டிக்கொள்கிறோமே, அந்தக் குளிர் இந்த மரத்தின் கணக்கில் ஒரு மணி நேரமாகக்கூடச் சேராது.

தொட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி வைக்கலாமா என்று ஓர் அம்மா கேட்டார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் உறங்குவது கிளையில் உள்ள மொட்டு, வேர் அல்ல. வேரைக் குளிர வைத்து மொட்டை எழுப்ப முடியாது.

இன்னொன்று. கவாத்து செய்து செய்து குட்டையாக்கிய மரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பிறவியிலேயே குட்டை. வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரெலின் என்ற பொருளை உணரும் திறன் அதில் குறைவு. அதனால் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி சுருங்கி, நீண்ட இலைகள் கொத்துக் கொத்தாக நெருங்கி நிற்கின்றன. அந்த அழகை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மலைப்பகுதியில் வீடு இருந்தால் இன்றே வையுங்கள் என்பேன்.

நம் ஊரில் அதே இடத்தில் வைக்க நான் மனதார விரும்புவது குட்டை மாதுளை. மூன்றடிக்கு அதிகம் போகாது. சிறிய பளபளப்பான இலை. நெருப்பு நிறப் பூ. எலுமிச்சையைவிடச் சிறிய காய். குளிரை எதிர்பார்ப்பதில்லை, ஆண்டில் பல மாதங்கள் பூக்கும். ஓரளவு உப்பையும் தாங்கும். கடலோரத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்த்துப்போன வீடுகளுக்கு இது பெரிய வரம்.

செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து ஓரடி அகலத் தொட்டியில் வையுங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கிவையுங்கள். அடித்துளை அடைத்துக்கொண்டால் வடகிழக்குப் பருவமழை ஒரே வாரத்தில் வேரை அழுகச் செய்துவிடும். முடிந்தால் மொட்டை மாடி மழைநீரைப் பிடித்து வைத்து, மாதம் ஒருமுறை அடித்துளை வழியே வழியும் வரை ஊற்றுங்கள். மண்ணில் படிந்த உப்பு கரைந்து வெளியேறும். பூ புதுக் கிளையின் நுனியில் வருவதால், ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் நுனிகளை லேசாக வெட்டிவிட வேண்டும். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.

பூ உதிர்கிறதே என்று பதறுபவர்கள் பூவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குடம்போல் பருத்திருந்தால் அது காய்க்கும் பூ. மணிபோல் கீழே குறுகியிருந்தால் ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். ஒரே செடியில் இரண்டும் இருக்கும்.

ஏற்கெனவே பீச் கன்று வாங்கிவிட்டவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உதகையிலோ கொடைக்கானலிலோ உறவினர் இருந்தால், கார்த்திகை முடிவதற்குள் அந்தக் கன்றை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். பூக்கும்போது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வணக்கம்.