அம்மாவை பிரான்சுக்கு அழைக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊரில் இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ ஒரு இரண்டு மாதமாவது இங்கே வரவழைத்து நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. நான் புதுச்சேரியில் பிறந்தவள். பல வருடங்களாக பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். பிரெஞ்சு மொழி சரளமாக வராத நம்மவர்களோடு மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்துக்குத் துணையாகப் போய், அவர்கள் சொல்வதை மொழிபெயர்த்துச் சொல்வது என் வழக்கம். அங்கே பார்த்ததையும் என் வீட்டில் நடந்ததையும் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் என் அம்மா வந்த கதை. விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. நான் வெளியே காத்திருக்கிறேன், அம்மாவைக் காணோம். அம்மா உள்ளே பாஸ்போர்ட் பார்க்கும் கூண்டுக்கு முன்னால் நிற்கிறார். பாஸ்போர்ட்டில் விசா இருக்கிறது. அதிகாரி, "எங்கே தங்கப் போகிறீர்கள், அதற்கான காகிதம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். காகிதம் இல்லாமல் இல்லை. கசங்கக் கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெரிய பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். அந்தப் பெட்டியோ, சோதனையைத் தாண்டிப் போனால்தான் எடுக்கக்கூடிய இடத்தில் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மாவின் சின்ன டைரியில் என் கைப்பேசி எண்ணைப் பார்த்து, அந்த அதிகாரியே என்னை அழைத்து விசாரித்தார். நல்ல மனிதர், விட்டுவிட்டார். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் அம்மா தனியாக நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பெட்டி கட்டும்போது அந்தக் காகிதத்தைக் கைப்பையில் வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

விசா ஒட்டிவிட்டார்கள், இனி கவலை இல்லை என்று நினைக்கிறோம். விசா என்பது வாசல் வரை வருவதற்கான அனுமதிதான். தங்கும் இடம், செலவுக்குப் பணம், காப்பீடு, திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் வாசலில் நிற்பவர் மறுபடி கேட்கலாம். சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

அந்த வாசல் பாரிஸில்தான் இருக்கும் என்பதும் இல்லை. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கில் மோசல் ஆற்றங்கரையில் உள்ள ஷெங்கன் என்ற சிறிய கிராமத்தருகே ஐந்து நாடுகள், தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்று 29 நாடுகளுக்கு விரிந்திருக்கிறது. அதனால் அம்மா பிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறி வந்தால், சோதனை பிராங்க்ஃபர்ட்டிலேயே முடிந்துவிடும். கேள்வி கேட்பவர் ஜெர்மன் அதிகாரியாக இருப்பார், நாமோ இங்கே பாரிஸில் காத்துக்கொண்டிருப்போம். வயதானவர்கள் முதல் தடவை தனியாக வருகிறார்கள் என்றால், கொஞ்சம் பணம் கூடினாலும் பாரிஸில் நேராக வந்து இறங்கும் வழியாக டிக்கெட் எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். துபாய், தோஹா வழியாக வந்தாலும் சரி, சோதனை பாரிஸில்தான் நடக்கும்.

சரி, அந்தக் காகிதத்துக்கு வருவோம். அதன் பெயர் அத்தெஸ்தாசியோன் தக்கோய். நம்மில் பலர் ஸ்பான்சர் கடிதம் என்கிறோம். 90 நாளுக்கு உட்பட்டு உறவினர் நம் வீட்டில் தங்க வருகிறார் என்றால் இது வேண்டும். நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பும் கடிதம் இதற்கு ஈடாகாது. நாம் குடியிருக்கும் ஊரின் மேரிக்கு நேரில் போய்ப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு, வரி முத்திரையும் கட்டி வாங்க வேண்டும். விண்ணப்பத்தை மறுத்தாலும் முத்திரைப் பணம் திரும்பி வராது. கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை அல்லது வதிவிட அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், அண்மைய மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, வரி அறிவிப்பு. வருகிறவருக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று வீட்டை நேரில் வந்து பார்க்கவும் மேரிக்கு உரிமை உண்டு. ஒரு மாதம் ஆகியும் பதிலே இல்லை என்றால் மறுத்துவிட்டதாகப் பொருள்.

கையெழுத்துப் போடும் முன் அந்தப் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். வந்தவரிடம் பணம் இல்லாமல் போனால் அவருடைய தங்கும் செலவை நான் ஏற்கிறேன் என்று அதில் உறுதி தருகிறோம். வேறு யாருடைய அம்மாவுக்கோ உதவி செய்கிறோம் என்று விளையாட்டாகக் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் தங்கப் போவது உங்கள் வீட்டில் இல்லை என்றால் போடாதீர்கள்.

காகிதம் கிடைத்ததும் அசலை ஊருக்கு அனுப்ப வேண்டும். படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. விசா மையத்தில் அசலைக் காட்ட வேண்டும், பிறகு எல்லையிலும் காட்ட வேண்டும். விசா மையத்தில் பத்திரங்களைத் திருப்பி வாங்கும்போது அசல் கைக்கு வந்துவிட்டதா என்று அங்கேயே பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மேரியில் நாம் தடுமாறுவதெல்லாம் பெரும்பாலும் பெயரில்தான். பிரெஞ்சுக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பரம்பரையாக வருகிறது. நமக்கு அப்பா பெயர் முதல் எழுத்தாக வருகிறது. ஒரு நாள் நான் துணைக்குப் போன வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மகனின் வதிவிட அட்டையில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அவன் அப்பாவின் பெயர். அப்பாவின் பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் தாத்தாவின் பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அந்த இடமே காலி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மூன்று தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இவர்கள் உங்கள் பெற்றோர் என்றீர்களே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. தாள்களைப் பார்த்தால் யாருக்கும் யாரும் உறவில்லை!

மகனின் பிறப்புச் சான்றிதழ்தான் அதைத் தீர்த்துவைத்தது. அதில் அப்பா பெயரும் அம்மா பெயரும் இருக்கின்றன. தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழ் என்றால் முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அத்தெஸ்தாசியோன், டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். ஒன்றில் "லட்சுமி", இன்னொன்றில் "லெட்சுமி" என்று ஓர் எழுத்து மாறினாலும் பதில் சொல்ல வேண்டியவர் அம்மாதான்.

அப்புறம் பணம். பிரான்சில் ஒரு நாளைக்கு இவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓட்டலில் தங்கினால் 65 யூரோ. தங்கும் இடத்துக்குச் சான்றே இல்லை என்றால் 120. அத்தெஸ்தாசியோன் இருந்தால் 32.50. இரண்டு மாதம், அதாவது 60 நாள் என்றால் 1,950 யூரோ. அம்மாவின் வங்கிக் கணக்கில் இத்தனை பணம் ஏது என்று பயந்து, விண்ணப்பிக்கும் வாரத்தில் பெரிய தொகையைப் போட்டுவிடுகிறோம். கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பவருக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் படும். அதற்குப் பதில், "செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், என் சம்பளம் இவ்வளவு" என்று உள்ளதைச் சொல்லி, உங்கள் சம்பளச் சீட்டையும் சேர்த்து வைப்பது நல்லது. அம்மாவுக்கு வரும் பென்ஷன், ஊரில் இருக்கும் வீட்டின் பத்திரம், கூட இருக்கும் மற்றப் பிள்ளைகள், இவைதான் அவர் திரும்பிப் போவார் என்பதற்குச் சாட்சி.

இன்னொன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். முகவர்கள் சிலர் போலி ஓட்டல் பதிவு வைக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். விண்ணப்பத்தில் கொடுக்கும் விவரமும் அதற்கு வந்த முடிவும் 29 நாடுகளும் பார்க்கும் கணினியில் ஐந்து வருடம் இருக்கும். பேத்தியைப் பார்க்க வருகிறேன் என்று சொல்வதில் என்ன குறை இருக்கிறது?

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் கொடுக்கப்பட்டதாகவும், இங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கம் காலியாக வேண்டும். விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சிலருக்கு 45 நாள் வரை போகும். கோடை விடுமுறைக்கு வரவேண்டும் என்றால் பிப்ரவரியிலேயே மேரி வேலையைத் தொடங்குங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் செல்லும்படி இருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மலிவான காப்பீடுகள் பலவற்றில் தராது.

விசா கையில் வந்தவுடன் அந்த ஸ்டிக்கரை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஓர் இடத்தில் இருக்கும். தங்கும் நாட்கள் எத்தனை என்று இன்னோர் இடத்தில் இருக்கும். இரண்டும் ஒன்று இல்லை. தேதிகளுக்கு நடுவே 75 நாள் இருக்கலாம், தங்க அனுமதி 60 நாளாக இருக்கலாம். 60 நாள்தான் கணக்கு. வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி.

எத்தனை தடவை உள்ளே வரலாம் என்பதும் அங்கேயே இருக்கும். "01" என்றால் ஒரே தடவை. இதில்தான் நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. மகள் பாரிஸில், மகன் லண்டனில். அம்மா இங்கே இரண்டு வாரம் இருந்துவிட்டு, கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து யூரோஸ்டாரில் லண்டன் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று திட்டம். லண்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரயில் ஏறிய அன்றே பிரான்சின் "01" முடிந்துவிட்டது என்பது பலருக்குத் தெரிவதில்லை. திரும்பும்போது பிரெஞ்சு சோதனை லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் நிலையத்திலேயே நடக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பெட்டி பாரிஸில், ஊருக்குப் போகும் டிக்கெட்டும் பாரிஸிலிருந்து. எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு லண்டனிலிருந்து நேராகச் சென்னைக்குப் புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டி வந்தது. லண்டன் பயணம் உண்டு என்றால் விண்ணப்பத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவு கேளுங்கள், காரணத்தையும் எழுதுங்கள்.

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து ஒரு சலுகை இருக்கிறது. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி, இரண்டையும் ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு வருடத்துக்குப் பலமுறை வந்துபோகும் விசா கிடைக்க வழி உண்டு. அப்போதும் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரையைப் பார்த்து அதிகாரி கையால் எண்ணுவார். 2025 அக்டோபர் 12 முதல் புதிய பதிவு முறை படிப்படியாக வந்து, முத்திரைக்குப் பதில் கணினியே நாளை எண்ணுகிறது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். அம்மாவுக்கு நடுவில் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால், நாள் முடிவதற்குள் மருத்துவச் சான்றோடு பிரெஃபெக்சர் என்ற மாவட்ட அரசு அலுவலகத்துக்குப் போய் நீட்டிப்புக் கேளுங்கள்.

விசா மறுத்தால் மனம் உடைய வேண்டாம். தாளில் காரணம் குறித்திருப்பார்கள். 30 நாளுக்குள் நாந்த் நகரில் உள்ள விசா பிரிவுக்கு மேல்முறையீடு அனுப்பலாம். குறையைச் சரிசெய்து புதிதாகவும் விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, அம்மாக்கள் ஆசையாகக் கட்டிக்கொண்டு வருவதைப் பற்றி. நெய், இறைச்சி, பால் பொருட்கள் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது. மாம்பழத்துக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். சான்று இல்லாமல் வரக்கூடியவை வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன், இந்த ஐந்துதான். கருவாடு 20 கிலோ வரை கொண்டுவரலாம்.

அம்மா இரண்டாவது தடவை வந்தபோது கழுத்தில் ஒரு சின்னத் துணிப்பை மாட்டியிருந்தார். பாஸ்போர்ட், அத்தெஸ்தாசியோன், காப்பீடு, திரும்பும் டிக்கெட், பெரிய எழுத்தில் என் முகவரியும் எண்ணும். அதிகாரி கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தாராம். இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். நன்றி, வணக்கம்.