சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கிற பிள்ளையிடம் நோட்டையும் பென்சிலையும் கொடுத்து, "ஒரு கதை எழுது பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்' என்று ஒரு வரி வரும், அத்தோடு நின்றுவிடும். இல்லையென்றால் காக்கா வடையோடு வந்து உட்காரும். "எம் பிள்ளைக்குக் கற்பனையே வரலீங்க" என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். அதே பிள்ளை ராத்திரி சாப்பிடும்போது, மொட்டை மாடிக்கு யானை வந்த கதையை அரைமணி நேரம் அளந்துகொண்டிருக்கும். கற்பனைக்குப் பஞ்சமே இல்லை. அதற்கு ஈடுகொடுக்கக் கைக்குத்தான் இன்னும் பழக்கம் வரவில்லை.

ஆறு வயதுக் கைக்கு எழுத்து எவ்வளவு பெரிய வேலை என்பது நமக்கு மறந்துபோய்விட்டது. 'கொ' என்ற ஓர் எழுத்தைப் பாருங்கள். வாயில் முதலில் வருவது ககரம். கை முதலில் போட வேண்டியதோ கொம்பு. அப்புறம் க, அப்புறம் கால். 'கொக்கு' என்று எழுதி முடிப்பதற்குள் கதையிலிருந்த கொக்கு பறந்து போயிருக்கும்.

அதனால் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த காலத்திலிருந்தே நான் சொல்லிவருவது இதுதான்: கதையைப் பிள்ளை சொல்லட்டும், நாம் எழுதிக்கொள்வோம்.

சிகாகோவில் விவியன் பேலி என்ற ஆசிரியை மழலையர் வகுப்பில் இதைத்தான் செய்துவந்தார். பிள்ளை சொல்லும், அவர் சொன்னபடியே எழுதிக்கொள்வார். அப்புறம் வகுப்பே கூடி உட்கார்ந்து அந்தக் கதையை நடிக்கும். இரண்டே வரிக் கதை என்றாலும் நடிப்பு உண்டு. நம் கதையில் வரும் சிங்கமாகப் பக்கத்து பெஞ்சுப் பையன் உறுமுகிறான் என்றால், மறுநாள் கதை சொல்ல யாருக்குத்தான் ஆசை வராது?

நம் வீட்டில் இதைச் செய்யும்போது ஒரு சிக்கல் வரும். ஒரு சிறுமி சொன்ன கதையைக் கேளுங்கள். "எங்க ஆடு காணாமப் போச்சு. மழ வந்துச்சு. ஆடு பஸ்ல ஏறிடுச்சு. கண்டக்டர் எங்க போகணும்னு கேட்டாரு. ஆடு மேன்னுச்சு. மேல்மருவத்தூருக்கு டிக்கெட் குடுத்துட்டாரு."

இதை எழுதும்போது நம் கை சும்மா இருக்காது. 'போச்சு' என்பதைப் 'போயிற்று' என்று திருத்தும். கடைசியில் 'ஆகவே, சொல்லாமல் வெளியே போகக் கூடாது' என்று ஒரு நீதியைச் சேர்க்கும். இரண்டும் வேண்டாம். 'போச்சு' என்றால் 'போச்சு' என்றே எழுதுங்கள். எழுதியதை வரிக்கு அடியில் விரலை ஓட்டி வாசித்துக் காட்டுங்கள். தன் வாயில் வந்ததே தாளிலும் இருக்கிறது என்று பிள்ளைக்குப் புரிய வேண்டும், இப்போதைக்கு அது போதும். கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டக் காட்ட 'போனது', 'வந்தது' எல்லாம் தானாக வந்து சேரும். நடுவில் கதை நின்றுவிட்டால் "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். "அந்த ஆட்டுக்கு டிக்கெட் காசு ஏது?" என்று குறுக்கு விசாரணை செய்தால் கதை அங்கேயே இறங்கிவிடும்.

கொஞ்ச நாளில் கடைசி வரியைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு வரி. ரகர றகரமும் மூன்று வகை லகரமும் இடம் மாறித்தான் விழும். அந்த நேரத்தில் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள்.

அப்படியானால் எழுத்துப் பிழையை எப்போதுதான் திருத்துவது? 1920களில் பிரான்சின் தெற்கே ஒரு சின்ன ஊரில் செலஸ்தேன் ஃபிரெனே என்ற ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். நெடுநேரம் பேசினால் மூச்சு வாங்கும். அவர் வகுப்புக்கு ஒரு சிறிய அச்சு எந்திரம் வாங்கி வைத்தார். பிள்ளைகள் நத்தைப் பந்தயம் விட்டால், அதைப் பற்றி அவர்களே எழுதி, அவர்களே எழுத்துக் கோத்து அச்சடிப்பார்கள். அச்சான தாள்கள் அதே பிரான்சின் வடமேற்கே, தூரத்தில் பிரித்தானி என்ற பகுதியில் இருந்த இன்னொரு பள்ளிக்குத் தபாலில் போகும். முன்பின் தெரியாத பிள்ளைகள் வாசிக்கப் போகிறார்கள் என்றால், "இதுக்கு எந்த ர?" என்று பிள்ளையே வந்து கேட்கும். திருத்த வேண்டிய நேரம் அதுதான்.

நமக்கு அச்சு எந்திரம் தேவையில்லை. இரண்டு ஏ4 தாளை ஒன்றாக மடித்து நடுவில் ஊசி நூலால் நாலு தையல் போட்டால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். ஒரு பக்கத்தில் ஒரே வரி, மேலே படம். அட்டையில் தலைப்பு, அதற்குக் கீழே இனிஷியலோடு பிள்ளையின் பெயர். அந்த இனிஷியல் முக்கியம்.

இதைப் போட்டிக்கு அனுப்பலாமா என்று கேட்பார்கள். இந்த வயதில் வேண்டாம் என்பேன். பரிசு வாங்கிய கதையைப் பார்த்து அடுத்த கதையை எழுதும் பழக்கம் வந்துவிடும். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும், அந்த வயதுப் பிள்ளைகளுக்காகவே தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் 'ஊஞ்சல்' இதழுக்கு ஆசிரியர் வழியாக அனுப்பிப் பார்க்கலாம். அதுவரை பாட்டிக்குப் போனில் வாசித்துக் காட்டட்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன்னால் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.