நாலு பேனல்: 24 வோல்ட்டா, 48 வோல்ட்டா?

பர்மாவில் தட்டோன் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 550 வாட் சோலார் பேனல் நாலு வாங்கிவிட்டாராம். 150 வோல்ட், 60 ஆம்பியர் எம்பிபிடி கண்ட்ரோலரும் (பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) இருக்கிறது. பேட்டரி 24 வோல்ட்டா, 48 வோல்ட்டா, பேனலை எப்படிச் சேர்ப்பது என்பது கேள்வி. கூரையில் மாலையில் மாமர நிழல் விழுமாம்.

பேட்டரி வாங்குமுன் கேட்டது நல்லதாகப் போயிற்று. 48 போடுங்கள் தம்பி. அந்த 60 ஆம்பியர் என்பது கண்ட்ரோலர் பேட்டரிப் பக்கம் தள்ளக்கூடிய கரண்ட். 24 வோல்ட் பேட்டரியில் அது சுமார் 1,560 வாட்டோடு நின்றுவிடும். உங்கள் கூரையில் இருப்பதோ 2,200. 48 என்றால் அதே பெட்டி 3,000 வாட் வரை தாங்கும். இன்வெர்ட்டருக்குப் போகும் கரண்டும் பாதியாகும், அதே வயரில் சூடாகி வீணாவது நாலில் ஒரு பங்காகும். தடித்த செம்பு வயர் விலை விசாரித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, பேனல். பின்பக்க ஸ்டிக்கரில் விஓசி என்று ஒரு எண் இருக்கும், எதுவும் மாட்டாதபோது பேனல் காட்டும் வோல்ட் அது. இந்த அளவுப் பேனலில் அது 50 வோல்ட்டை ஒட்டி வரும். சீரிஸ், அதாவது ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் வோல்ட் கூடிக்கொண்டே போகும். நாலையும் அப்படிப் போட்டால் 200, பேனல் பக்கம் 150 வோல்ட்தான் தாங்கும் கண்ட்ரோலர் அன்றைக்கே போய்விடும். மூன்று போட்டாலும் 150, விளிம்பு. குளிரில் வோல்ட்டேஜ் இன்னும் ஏறும். டவுஞ்சி, கலோ மாதிரி குளிர் மலையூர்ப் பக்கம் பார்ப்பவர்கள் கவனியுங்கள்: காலையில் 5 டிகிரிக்கு இறங்கினால் இரண்டு பேனலின் 100 வோல்ட் 105 ஆகும். அங்கே 100 வோல்ட் கண்ட்ரோலரில் இரண்டு பேனலைக்கூட சீரிஸில் போடாதீர்கள்.

நாலையும் பேரலலில், அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துப் போட்டால்? வோல்ட் கூடாது. வேலை செய்யும்போது 41 வோல்ட்தான் வரும். அதில் 48 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறாது. ஆகவே இரண்டிரண்டாக சீரிஸ், அப்புறம் அந்த இரண்டு ஜோடியும் பேரலல். உச்சி வெயிலில் பேனல் சுட்டாலும் 70 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், போதும்.

நிழல் விழும் இரண்டு பேனலையும் ஒரே ஜோடியாக்குங்கள். ஆளுக்கொன்றாகப் பிரித்தால் இரண்டு ஜோடியுமே சோர்ந்துவிடும். பிரேக்கர் வாங்கும்போது டிசி பிரேக்கரா என்று பார்த்து வாங்குங்கள். பேனல், பேட்டரியில் வருவது டிசி கரண்ட். வீட்டு லைன் கரண்டுக்கான ஏசி பிரேக்கர் டிசி தீப்பொறியை அணைக்காது.

இன்னொன்று, நிறையப் பேர் செய்வது: 12 வோல்ட் பேட்டரி நாலை சீரிஸில் கட்டிவிட்டு, பல்புக்காக ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுப்பார்கள். அந்த ஒன்று எப்போதும் குறைச் சார்ஜில் கிடந்து சாகும், மற்ற மூன்றில் சார்ஜ் மிஞ்சும். 48லிருந்து 12க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள்.