கண்ணில் பூச்சி பறக்கிறதா? எப்போது பயப்பட வேண்டும்?

[காட்சி: மொட்டை மாடி, வெளுத்த வானம். நூல் போன்ற ஒரு நிழல் குறுக்கே மிதக்கிறது.]

வணக்கம். இந்த நூலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேராகப் பார்க்கலாம் என்று கண்ணைத் திருப்பினால் நழுவி ஓடும். கண்ணில் பூச்சி பறக்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

[காட்சி: கண்ணின் குறுக்குவெட்டுப் படம்.]

நம் கண்ணுக்குள் விட்ரியஸ் என்ற கூழ் சுமார் 4 மில்லி இருக்கிறது. பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் மெல்லிய இழைகள். வயது ஏற ஏறக் கூழ் நீர்த்துப்போய், இழைகள் திரண்டுகொள்ளும். அந்தத் திரளின் நிழல் பின்னால் இருக்கும் விழித்திரையில் விழுகிறது. ஒன்றிரண்டு பூச்சிகள் மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் கவலை வேண்டாம். இதைக் கரைக்கிற சொட்டு மருந்து கிடையாது, காசைக் கொட்டாதீர்கள்.

நீல வானத்தில் பொடி வெள்ளைப் புள்ளிகள் சரசரவென்று ஓடினாலும் கவலை வேண்டாம். விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் போகும் வெள்ளை அணுக்கள் அவை. நம் ரத்தம் ஓடுவதை நாமே பார்க்கிறோம்!

சரி, ஆபத்து எங்கே?

[காட்சி: கூழ் சுருங்கி விழித்திரையை இழுக்கிறது.]

50 வயதுக்கு மேல் பலருக்கு இந்தக் கூழ் விழித்திரையை விட்டுப் பிரியும். பெரும்பாலும் சிக்கல் வராது. சிலருக்கு மட்டும் பிரியும்போது விழித்திரையைக் கிழித்துவிடும். கிழிசல் வழியே நீர் உள்ளே புகுந்தால், ஓதமேறிய சுவரில் பெயிண்ட் உரிவது போல விழித்திரை உரியும்.

இது வலிக்கவே வலிக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது. என் பெரியம்மா, "ஓரத்துல கறுப்பா இருக்கு, வலியெல்லாம் இல்ல, தீபாவளி முடியட்டும்" என்றிருந்துவிட்டார். ஆபரேஷன் நடந்தது. ஆனால் அந்தக் கண்ணால் இன்றும் அவருக்குப் பேப்பர் படிக்க வரவில்லை.

ஆகவே, திடீரென்று கரித்தூள் கொட்டியது போல நிறையப் பூச்சிகள், இருட்டில் கண்ணோரம் மின்னல், ஓரத்திலிருந்து திரை இறங்குவது — ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டர். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். கிழிசலோடு நின்றால் பெரும்பாலும் லேசரிலேயே அடைத்துவிடலாம்.

மின்னல் இரண்டு கண்ணிலும் வளைந்து வளைந்து விரிந்து, அரை மணி நேரத்தில் மறைந்து, அப்புறம் தலைவலி வந்தால் அது மைக்ரேனாக இருக்கலாம். முதல்முறை என்றால் அதையும் காட்டிவிடுங்கள். ஒரு கண் சட்டென்று இருண்டு, சில நிமிடத்தில் தெளிந்துவிட்டாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து வாந்தி வந்தாலும் உடனே கிளம்புங்கள்.

[காட்சி: ஒருவர் உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடுகிறார்.]

இப்போதே ஒரு கண்ணை மூடி எதிர்ச் சுவரைப் பாருங்கள். பிறகு மற்றது. இரண்டையும் திறந்தே வைத்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துணைக்கு ஒருவர் வேண்டும். கண்ணின் பாப்பாவை, அதாவது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை, விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்ட முடியாது.