வெள்ளக்கோட்டுக்கு மேல் ஒரு முழம்

(தாமிரபரணிக் கடைமடைப் பகுதியில், ஒரு தொடக்கப்பள்ளியின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, வரவேற்புரை தந்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கும் சகோதரி அவர்களே, வேலை நெருக்கடிக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் கிராம நிர்வாக அலுவலர் அவர்களே, ஊராட்சிச் செயலர் அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய முன்னாள் மாணவர்களே, காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகராமல் இருக்கும் சத்துணவு அமைப்பாளர் அம்மா அவர்களே, சமையலர் அம்மா அவர்களே, காலை உணவு சமைக்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் என் அருமைக் குழந்தைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சமையலர் அம்மாவின் பெயரை எந்த அழைப்பிதழிலும் அச்சடிப்பதில்லை. இன்றைக்கு நான் பேசப்போகும் விஷயத்தில் முதல் ஆள் அவர்தான். அதனால் ஒரு தடவை கை தட்டிவிட்டு மேலே போகலாம்.

"வெள்ளத்துக்குப் பின் ஒரு தொடக்கப்பள்ளி அக்கம்பக்கத்துக்கு எப்படித் துணை நிற்பது" என்ற தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று காரியம் பேச வேண்டும்: சோறு, தண்ணீர், காகிதம். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?" நம் பக்கத்தில் இதைச் சொல்லாத வாய் கிடையாது. கடனுக்குச் சொல்வோம், வழக்குக்குச் சொல்வோம். ஆனால் நிஜ வெள்ளத்துக்கு இந்தப் பழமொழி பொருந்தவே பொருந்தாது. வெள்ளத்தில் சாணும் முழமும்தான் எல்லாம். அரிசி மூட்டை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்ததா, ஒரு முழம் உயரத்தில் இருந்ததா என்பதுதான் மறுநாள் ஊர் சாப்பிட்டதா, பட்டினி கிடந்ததா என்பதை முடிவு செய்யும்.

2023 டிசம்பர் 17, 18. இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு அந்தத் தேதியை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. நம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். குளங்கள் உடைந்தன, ஏரல் பாலம் சேதமானது, வாழைத் தோட்டங்கள் தண்ணீருக்குள் போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்ததை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் குழந்தைகளுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது செந்தூர் எக்ஸ்பிரஸ். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள், மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று ஏறத்தாழ 800 பேர். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். மேற்கொண்டு செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. வண்டி மட்டும் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நடுக்கம் வருகிறது. நிலையத்தைச் சுற்றித் தண்ணீர். பயணிகளில் சுமார் 300 பேரை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். கவனியுங்கள், கல்யாண மண்டபத்தில் இல்லை, பள்ளிக்கூடத்தில். மீதி 500 பேர் போல நிலையத்திலேயே நின்றுவிட்டார்கள். போக வழி இல்லை, மின்சாரம் இல்லை, கையில் இருந்த பிஸ்கட் தீர்ந்தது. அப்போதுதான் பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் ஊரிலும் வெள்ளம்தான். ஆனாலும் கோயிலில் அடுப்பு மூட்டினார்கள், ஊரில் இருந்த அரிசியைப் போட்டார்கள், சமைத்துக் கொண்டுவந்து முகம் தெரியாத ஜனங்களுக்குப் பரிமாறினார்கள். அப்புறம்தான் ஹெலிகாப்டர் வந்தது, கர்ப்பிணி ஒருவர் உட்படச் சிலரைத் தூக்கிச் சென்றது. 19ஆம் தேதிதான் மற்றவர்களை மீட்டு, வாஞ்சி மணியாச்சி கொண்டுபோய்ச் சிறப்பு ரயிலில் ஏற்றிவிட்டார்கள். அதுவரை அந்த 500 பேரைக் காப்பாற்றியது எது? நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு அடுப்பு. நனையாத அரிசி. பெரிய பாத்திரம்.

இந்த மூன்றும் நம் பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன. சத்துணவுத் திட்டம் 1982இலிருந்து இருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் காலை உணவும் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை உலை கொதிக்கிற பொதுச் சமையலறை இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது?

சரி, சோற்றைப் பற்றிப் பார்ப்போம். நம் பாத்திரம் குழந்தைகளுக்குக் கணக்குப் பண்ணி வாங்கியது. பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்றால் 60 பிள்ளைக்கு 6 கிலோ. வெள்ளம் வந்தால் 200 பெரியவர்கள் வருவார்கள். ஆளுக்கு 150 கிராம் வைத்தால் 30 கிலோ. இதே பாத்திரத்தில் ஐந்து தடவை உலை வைக்க வேண்டும். ஐந்தாவது உலை இறங்கும்போது முதல் உலைச் சோறு புளிக்க ஆரம்பித்துவிடும். ஆகவே கோயில் அண்டா எங்கே இருக்கிறது, பந்தல்கார அண்ணாச்சியிடம் எத்தனை பெரிய சட்டி இருக்கிறது என்று மழைக்கு முன்னாலேயே எழுதி வைக்க வேண்டும்.

பொட்டலத்தில் நடக்கிற தப்பைச் சொல்கிறேன். அவசரத்தில் ஆவி பறக்கப் பறக்க அள்ளிக் கட்டுவார்கள். ஆவி உள்ளேயே நீர்த்து, மத்தியானத்துக்குள் நொசநொசத்துப் போகும். படகிலோ டிராக்டரிலோ போய்ச் சேர நாலு மணி நேரம் ஆனால் அதைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு. சுத்தமான வேட்டியில் சோற்றைப் பரப்பி, ஆவி போனபின் கட்ட வேண்டும். சாம்பார் சாதம் வேண்டாம், தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், முதலில் கெடுவது அதுதான். புளியோதரையும் ஊறுகாயும் போதும். நனைந்த அரிசி மூட்டையைக் காயப்போட்டுச் சமைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெள்ளத்து நீரில் கழிவுநீரும் கலந்திருக்கும்.

இன்னொன்று, சாவி. 2023இல் வெள்ளம் வந்தது ஞாயிற்றுக்கிழமை. பள்ளி பூட்டியிருக்கும் நாள். அமைப்பாளரும் தலைமையாசிரியரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தால், அரிசி உள்ளே, பசி வெளியே. இரண்டாவது சாவி ஊருக்குள், மேட்டுத் தெருவில், ஒரு பொறுப்பான கையில் இருக்க வேண்டும். எடுத்த அரிசியை அன்றைக்கே இருப்புப் பதிவேட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, ஒன்றிய அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். நல்ல காரியம் செய்தவர் பின்னால் தணிக்கையில் தலைகுனியக் கூடாது.

யாருக்குச் சோறு போகவில்லை என்பதும் பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியும். நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். ரோட்டோரத்து வீட்டுக்கு மூன்று பொட்டலம், உள்தெருவுக்கு ஒன்றுமில்லை. டீச்சரின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஒவ்வொரு தெருவும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவேட்டிலும் ஓர் ஓட்டை உண்டு: பள்ளியில் பிள்ளை இல்லாத வீடு அதில் வராது. மகன் திருப்பூரில், தாத்தாவும் பாட்டியும் தனியாக. அந்த வீடுகளைப் பிள்ளைகள் சொல்வார்கள். "உங்கள் தெருவில் தனியாக இருக்கும் தாத்தா, பாட்டி யார்?" என்று நான்காம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் பட்டியல் ரெடி. படுத்த படுக்கையில் இருப்பவர், இன்சுலின் போடுபவர், மாசமாக இருக்கும் பெண் என்று அந்தப் பட்டியலில் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் பங்கு அதோடு முடிந்தது. சேறு அள்ள ஒரு பிள்ளையையும் இறக்காதீர்கள். கண்ணாடிச் சில்லும் பாம்பும் அதற்குள் கிடக்கும். எலிக்காய்ச்சல் கிருமி காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போய்விடும்.

அடுத்து தண்ணீர். வெள்ளம் வடிந்ததும் கிணற்றை ஒரே மூச்சில் இறைத்துக் காலி பண்ணுவார்கள். கூடாது. சுற்றியுள்ள மண் ஊறிக் கனத்துக் கிடக்கும். உள்ளே தண்ணீர் இல்லாமல் போனால் வெளியழுத்தத்தில் உறை சரிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் விட்டு நாள் இறைக்க வேண்டும். கலங்கல் தெளிந்தபின் பிளீச்சிங் பவுடர். கணக்கு எளிது: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 28,000 லிட்டர். சாதாரண நாளில் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம், அதாவது 70 கிராம். வெள்ளத்துக்குப் பின் அதைப் போல இரண்டு மடங்கு, 140 கிராம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுங்கள், டீச்சர். வாழ்நாளுக்கும் மறக்காது.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டுவதுதான் ஊரெல்லாம் நடக்கிற பிழை. ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போகாமல், முதலில் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிஷம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஒரு மணி நேரமாவது தொடக்கூடாது. சாயங்காலம் செய்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நல்லது. போன வருஷத்துப் பவுடர், வாய் திறந்து கிடந்த மூட்டை, இதெல்லாம் வெறும் சுண்ணாம்பு. வீரியம் போயிருக்கும். வாசனை இல்லையென்றால் வாங்காதீர்கள். காலையில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரிடம் இருக்கும் குளோரின் பரிசோதனைக் குப்பியில் மஞ்சள் நிறம் வருகிறதா என்று பாருங்கள். வந்தபின் குடிக்கலாம். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கிளம்பும் புகை மூச்சை அடைத்துவிடும்.

பள்ளியில் 200 பேர் தங்கினால் ஆளுக்கு 15 லிட்டர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 3,000 லிட்டர் வேண்டும். நம் மாடியில் இருப்பது ஆயிரம் லிட்டர்த் தொட்டி. மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது. மோட்டார் சுவிட்ச் போர்டு எந்த உயரத்தில் இருக்கிறது? தரையிலிருந்து மூன்றடி. வெள்ளம் எந்த உயரத்தில் வந்தது? அங்கேதான், தாய்மார்களே, அங்கேதான் சாணும் முழமும் வருகிறது.

திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் அதை மூழ்கடித்துவிட்டுப் போகும், கோயில் அசையாது. தண்ணீர் ஏறுவது தெரிந்ததும் உற்சவ மூர்த்தியையும் சாமான்களையும் மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். எப்போது எடுக்க வேண்டும், எவ்வளவு உயரத்துக்குப் போக வேண்டும் என்பது அவர்களுக்குப் பழக்கம். சாண் என்ன, முழம் என்ன என்று அந்தக் கோயில்காரர்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

நமக்கு அந்த உயரம் எங்கே எழுதியிருக்கிறது? 1992 வெள்ளத்தை இங்கே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். "இந்த ஜன்னல் வரைக்கும்" என்பார் ஒருவர், "படி வரைக்கும்தான்" என்பார் இன்னொருவர். 2023இல் சுவரில் சேற்றுக்கோடு விழுந்தது. வெள்ளையடித்தோம், போய்விட்டது. ஊரில் ஐந்து பெரியவர்களை வைத்து, ஐந்து சுவரில் அந்த உயரத்தைக் கேட்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்மட்டக் குழாய் பிடித்து ஒப்பிட்டு, இந்தப் பள்ளிச் சுவரில் நீலப் பெயின்டில் ஒரு கோடு போட வேண்டும். கோட்டின் மேல் "டிசம்பர் 2023" என்று எழுத வேண்டும். அதற்கு மேல் ஒரு முழத்தில், அதாவது ஒன்றரை அடியில், இன்னொரு கோடு, அது சிவப்பு. அரிசி அடுக்கும் மேடை, பதிவேட்டு அலமாரி, சுவிட்ச் போர்டு, கேஸ் அடுப்பு எல்லாம் சிவப்புக் கோட்டுக்கு மேலே போக வேண்டும். புதிதாகக் கட்டும் கழிப்பறையும் அந்த உயரத்தில்தான். இருக்கிற கட்டடத்தை உயர்த்த முடியாது என்றால் மேடை கட்டுங்கள், அதுவும் முடியாவிட்டால் ஆங்கிள் இரும்பில் பரண் அடியுங்கள். மூன்று மூட்டை அரிசி தாங்க வேண்டும், 150 கிலோ. சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டால் ஈரச்சுவர் ஆணியை விட்டுவிடும். நான்கு கால் தரையில் ஊன்றி நிற்க வேண்டும்.

காகிதத்தைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ். நேரம் ஆகிவிட்டது, குழந்தைகளின் நடனம் காத்திருக்கிறது. ஒன்று மட்டும்: நனைந்ததை வெயிலில் போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், நிழலில் தாள் தாளாகப் பிரித்து உலர்த்துங்கள். மற்றதை கிராம நிர்வாக அலுவலர் அவர்கள் இன்னொரு நாள் நம்மை உட்கார வைத்து விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிக்குக் குறையாமல் பெண்கள். கல்வி உரிமைச் சட்டம் உங்களுக்குக் கொடுத்த இடம் அது. அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள்: வெள்ளக்கோடு, சிவப்புக் கோட்டுக்கு மேல் பரண், ஊருக்குள் இரண்டாவது சாவி. தீர்மான வரைவை எழுதித் தலைமையாசிரியர் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா இதே வரைவை ஆற்றங்கரையில் உள்ள மற்றப் பள்ளிகளுக்கும் அனுப்பிவைக்க வேண்டும். பெயின்டும் கூலியும் முன்னாள் மாணவர்கள் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் கோடு விழுந்திருக்க வேண்டும். நீர்மட்டக் குழாய் பிடிக்கக் கொத்தனார் ஒருவர் வேண்டும். இந்தக் கூட்டத்தில் இருந்தால் விழா முடிந்ததும் தலைமையாசிரியர் அம்மாவைப் பார்த்துத் தேதி சொல்லிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.